திருவானைக்காவல் கையெழுத்து வகுப்பு

அந்த யோசனை எனக்கு வந்தது கிளினிக்கின் பின்வாசலில். கையில் காபி, குடிக்க மறந்து நின்றேன். ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மா தன் பெண்ணின் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்தபடி சந்தில் இறங்கினார். இறங்கியவர் திரும்பி, "எங்க வம்சத்துலயே இப்படி ஒண்ணு பொறந்ததில்லை" என்றார். முந்தின நாள் அதே படியில் நின்று, அதே வாக்கியத்தை, மேலப்புதூர்க்கார ஆசிரியை ஒருவர் தன் மகனைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஊரிலேயே தனக்கு மட்டும்தான் இப்படி என்று இருவருக்கும் எண்ணம். நடுவில் இருப்பது ஒரு காவிரிப் பாலம். இவர்களை ஒரே பெஞ்சில் உட்கார வைத்தால் என்ன என்று தோன்றியது. தோன்றிய உடனே செய்துவிட வேண்டும் என்றும் தோன்றியது. இருபதுகளின் நடுவில் இருந்தேன். எது தோன்றினாலும் அன்று சாயங்காலத்துக்குள் நடந்தாக வேண்டும் எனக்கு.

இதை இப்போது எழுதக் காரணம், போன மாதம் என்னைப் பார்க்க வந்த ஓர் இளம் உளவியலாளர். ஏ.டி.எச்.டி., அதாவது கவனம் நிற்காத, ஓயாத துறுதுறுப்பு உள்ள பிள்ளைகளின் பெற்றோர் இன்று செல்போனிலேயே குழு வைத்துக்கொண்டு, ராத்திரி கேட்ட கேள்விக்குக் காலையில் பத்து பதில் வாங்கிவிடுகிறார்களாம். "உங்க காலத்துல இதெல்லாம் இல்லாம எப்படி மேடம் சமாளிச்சீங்க?" என்று கேட்டாள். சமாளிக்கவில்லை என்பதுதான் பதில். அதை ஒரு வரியில் சொல்லி அனுப்ப மனம் வரவில்லை.

என் படிப்பைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். திருச்சியில் சமூகப் பணி எம்.ஏ., பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சில மாதம் பயிற்சி, பிறகு தில்லை நகரில் ஒரு மனநல டாக்டரிடம் வேலை. எழுபதுகளின் கடைசி. சொந்தக்காரர்கள் கேட்டால் என் அம்மா, "ஒரு டாக்டர்கிட்ட இருக்கா" என்பதோடு நிறுத்திக்கொள்வார். என்ன டாக்டர் என்று யாராவது தொடர்ந்தால் அடுப்பில் ஏதோ வைத்த ஞாபகம் அவருக்கு வந்துவிடும்.

டாக்டரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். உயரமான மனிதர், குரல் மட்டும் மிகச் சின்னது. நோயாளியின் குடும்பம் அறைக்குள் வந்தால், அவர்கள் உட்கார்ந்து நாற்காலியைச் சரிசெய்து முடிக்கும்வரை நிமிர்ந்தே பார்க்க மாட்டார். பென்சில் சீவிக்கொண்டிருப்பார். அழுதுகொண்டு வருகிறவர்கள் முகத்தைத் துடைத்துக்கொள்ள அவர் கொடுக்கும் நேரம் அது என்று எனக்குப் புரியச் சில மாதங்கள் ஆயின. கிளினிக்குக்கு இரண்டு வாசல். முன்வாசலில் வருகிற குடும்பம் பின்வாசலில்தான் போகும். ஒரு குடும்பம் சந்து முனை திரும்பிய பிறகுதான் அடுத்தவரை உள்ளே கூப்பிடுவோம். பெயர் சொல்லிக் கூப்பிடுவது கிடையாது. கல்யாண வயதில் பெண் இருக்கும் வீடு என்றால், மருந்துச் சீட்டைக் கிளினிக் பெயர் அச்சடிக்காத வெள்ளைத் தாளில் எழுதுவார். இதையெல்லாம் யாரும் அவரிடம் கேட்டு வாங்கவில்லை. ஊரை அறிந்து அவராகவே செய்தார்.

துறுதுறுத்த பிள்ளைகளைப் பார்ப்பதிலும் அவருக்கு ஒரு முறை இருந்தது. முதல் தடவை தன் அறையில். இரண்டாம் தடவை முன்முற்றத்து வேப்ப மரத்தடியில், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் விளையாடும்போது, தான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று. மூன்றாம் தடவை அம்மாவை மட்டும். "என் ரூமை நம்பாதம்மா" என்பார் என்னிடம். "புது எடம், புது மனுஷன், சத்தமே இல்லை. எந்தப் புள்ளையும் இங்க சாமி மாதிரிதான் உக்காரும். வீட்ல போய்தான் ஆடும்." அது உண்மை. ஸ்ரீரங்கத்து அம்மாவின் பெண் அந்த அறையில் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். வேப்ப மரத்தடிக்குப் போன கொஞ்ச நேரத்தில் மரத்தில் ஏறி, ரிப்பனைத் தொலைத்து, இன்னொரு பிள்ளையின் சிலேட்டை எதற்கோ எடுத்து எங்கேயோ வைத்துவிட்டு, வாட்ச்மேனிடம் அவர் ஊர்க் கதை கேட்டுக்கொண்டிருந்தாள். பாதிக் கதையில் எழுந்தும் போய்விட்டாள். பெயர் கோதை. மூன்றாம் வகுப்போ நாலாம் வகுப்போ. அம்மா ரங்கநாயகி. இன்னொரு தடவை புகார் வந்தால் டி.சி. கொடுத்துவிடுவதாகப் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். பெண் குழந்தை படித்தது போதும் என்று சொல்ல அவள் அப்பா அந்தப் புகாருக்காகத்தான் காத்திருந்தார். ரங்கநாயகிக்கு வேண்டியது ஒன்றுதான். கோதை பள்ளியில் நீடிக்க வேண்டும்.

அவருக்குச் சொல்ல எங்களிடம் என்ன இருந்தது? லண்டனில் அச்சான ஒரு தலையணைப் புத்தகம். அதில் இந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு பக்கம். ஏ.டி.எச்.டி. என்ற பெயரே அப்போது பிறக்கவில்லை. ஹைப்பர்கைனடிக் என்று போட்டிருக்கும். அதில் சொல்லியிருந்த மாத்திரை எங்கள் ஊர்க் கடைகளில் கிடைக்கவில்லை. டாக்டர் வேறொன்றைச் சின்ன அளவில் கொடுத்துப் பார்ப்பார். கடைசிப் பத்தியில் மட்டும் ஓர் ஆறுதல்: வயது வந்தால் இது தானாக அடங்கிவிடும். அதை எல்லாத் தாய்மார்களுக்கும் நான் மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறேன். டாக்டரோ அவர்களிடம் முக்கொம்பு அணையை உதாரணம் காட்டிப் பேசுவார். "தண்ணி நெறைய வருதும்மா, ஷட்டர்தான் லேட்டா இறங்குது. தண்ணிமேல குத்தம் இல்லை." ரங்கநாயகி இதைக் கேட்டு முதல் தடவையாக அந்த அறையில் சிரித்தார்.

என் யோசனையைச் சொன்னபோது டாக்டர் பென்சில் சீவுவதை நிறுத்தவில்லை. "ரெண்டு வாசல் எதுக்கு வெச்சிருக்கேன்?" என்று மட்டும் கேட்டார். கிளினிக்கில் வேண்டாம், வெளியே வைத்துக்கொள்கிறோம் என்றேன். வெளியே எங்கே, என்னவென்று சொல்லிக் கூப்பிடுவது? வழி சொன்னவர் மேலப்புதூர் ஆசிரியை ஆரோக்கியமேரி. "நம்ம புள்ளைங்க எல்லாத்துக்கும் கையெழுத்துக் கோழி கிளறினதுதானே டீச்சர். கையெழுத்து கிளாஸ்னு சொல்லிடுவோம். எவ கேட்டாலும் நம்புவா" என்றார். அன்றிலிருந்து நான் எல்லோருக்கும் டீச்சர் ஆனேன். இடம் திருவானைக்காவலில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் மாடி. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் அவர்களுக்கு வகுப்பில்லை. ஸ்ரீரங்கத்துக்கும் திருச்சிக்கும் நடுவில், இரண்டு ஊர்க்காரர்களுக்கும் அறிமுகமில்லாத தெரு. டாக்டரிடம் சொன்னேன். "பொய்க்கு ஒரு பேர் வெச்சா, அந்தப் பேரைத் தேடியும் ஆள் வருவாங்கம்மா" என்றார். அதைத் தடை என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. சனிக்கிழமை தொடங்கிவிட்டேன்.

வகுப்பு நடந்த விதம் இது. டைப்ரைட்டர்களுக்கு ரெக்ஸின் உறை போட்டு மூடி, அதன்மேல் துணி கட்டி, அதற்கும் மேலே என் கண்ணையும் வைத்துக்கொண்டு, முதலில் பிள்ளைகளுக்கு நாலு கோடு நோட்டில் நிஜமாகவே எழுதச் சொல்லிக் கொடுப்பேன். அரைப் பக்கம் எழுதினால் கீழே போய்க் குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். மறுபடி அரைப் பக்கம். இப்படி ஓட விட்டு உட்கார வைப்பது புத்தகத்தில் இல்லை. நாங்களாகப் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தது. பிறகு ஆரோக்கியமேரி பிள்ளைகளைப் பின்பக்கக் காலி மனைக்கு ஓட்டிக்கொண்டு போவார். நான் மாடிப்படித் தளத்தில் பெற்றோரோடு உட்காருவேன்.

அந்தத் தளத்தில் ஒரே ஒரு ஆண்பிள்ளை உண்டு. உப்பிலியபுரம் பக்கத்து விவசாயி பெரியசாமி. துறையூர் பஸ்ஸில் வந்து வாசலிலேயே இறங்குவார். செருப்பைப் படிக்குக் கீழே விட்டுவிட்டு, பெண்கள் உட்கார்ந்த படிக்கு இரண்டு படி கீழே உட்காருவார். முதல் வாரம் யாரும் வாயே திறக்கவில்லை. இவர்தான் ஆரம்பித்தார். "எம் பையனை ஆடு மேய்க்க அனுப்புறங்க. ஆடுதான் அவனை மேய்ச்சு ஓட்டிக்கிட்டு வருது." சிரிப்பில் ரங்கநாயகியின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது சிரிப்போடு நிற்கவும் இல்லை. தன் பெண்ணை அடித்ததை, அடித்த கையை அடுப்படியில் தளிகை பண்ணும்போது பார்க்கப் பிடிக்காததை அன்று சொன்னார். ஆரோக்கியமேரி, தான் ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் எடுக்கிற லட்சணத்தில் தன் பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் போடக் கற்றுத்தர முடியவில்லை என்றார். அடுத்தவர் பேசும்போது புத்திமதி சொல்லக் கூடாது என்று நான் ஒரு விதி வைத்தேன். ஒரு வாரம்கூட ஒருவரும் அதைக் காப்பாற்றவில்லை. அந்தப் புத்திமதிகள்தான் எங்கள் நூலகம். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்ல வேண்டும். பெயரைச் சொல்லி, முகம் திரும்பிய பிறகு சொல்ல வேண்டும். வகுப்பில் முதல் பெஞ்சு, ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம். கோதையின் ஆசிரியையிடம் ரங்கநாயகி எப்படிக் கேட்க வேண்டும் என்று ஆரோக்கியமேரி ஒத்திகையே நடத்தினார். "குழந்தைக்குக் கண்ணு கொஞ்சம் மங்கலா இருக்கு, முன்னாடி உக்கார வெச்சுக்கோங்கன்னு சொல்லுங்க. கண்ணுன்னா உடனே செய்வோம் நாங்க. மூளைன்னு சொன்னா செய்ய மாட்டோம்."

செய்தார்கள். கோதை முதல் பெஞ்சுக்குப் போனாள். அந்தப் பருவம் புகார் வரவில்லை. அரைப் பரீட்சையில் கணக்கில் தேறிவிட்டாள் என்று சொல்ல ரங்கநாயகி சனிக்கிழமைவரை காத்திருக்க முடியாமல், கிளினிக்குக்கு முன்வாசல் வழியாகவே வந்துவிட்டார்.

பிரச்சினை, கையெழுத்தும் நன்றாகிவிட்டது.

ரங்கநாயகிக்கு எதிர்வீட்டில் ஒரு பாங்க் அதிகாரியின் மனைவி. கோதையின் நோட்டைப் பார்த்துவிட்டு, தன் பெண்ணையும் அந்த வகுப்பில் சேர்க்க வேண்டும் என்றார். ரங்கநாயகியால் முடியாது என்றும் சொல்ல முடியவில்லை, ஏன் என்றும் சொல்ல முடியவில்லை. "எடம் இல்லைன்னு நீங்க சொல்லிடுங்கோ டீச்சர்" என்று என்னிடம் வந்து நின்றார். சொன்னேன். அந்த அம்மா நேராக இன்ஸ்டிடியூட் முதலாளியிடம் போய்விட்டார். அவருக்கு எங்கள் விஷயம் எதுவும் தெரியாது. பாதி ஹால் காலியாகத்தானே கிடக்கிறது என்று சந்தோஷமாகச் சேர்த்துக்கொண்டார். இன்னொரு வீடு வந்தது. அவர்களுக்குத் தெரிந்த இன்னொரு வீடு. சில வாரங்களில் எனக்கு முன்னால் சமர்த்துப் பிள்ளைகளாக உட்கார்ந்திருந்தார்கள். குண்டு குண்டாக எழுதினார்கள். தண்ணீர் குடிக்க ஓடவே இல்லை. மாடிப்படித் தளத்தில் அவர்களுடைய அம்மாக்கள். எங்கள் அம்மாக்கள் பேனா எந்தக் கடையில் மலிவு என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வேறு இடம் பார்க்கிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் தனியாகச் சொல்லி வைத்தேன். பெரியசாமிக்கு மட்டும் சொல்ல முடியவில்லை. அறுவடை என்று அவர் அந்த வாரங்களில் வரவில்லை.

அவர் திரும்பி வந்த சனிக்கிழமை, வழக்கம்போலச் செருப்பைக் கீழே விட்டு, தன் படியில் உட்கார்ந்தார். மடியில் ஒரு பை, வீட்டு வேர்க்கடலை, எல்லோருக்கும் கொண்டுவந்திருந்தார். ரங்கநாயகியைப் பார்த்து, எத்தனையோ நாள் கழித்துப் பார்க்கிற பிரியத்தோடு கேட்டார்.

"ஏம்மா, தில்லை நகர் டாக்டர் மாத்திரையை மாத்திக் குடுத்தாரே, பாப்பாவுக்குக் கேட்டுச்சுங்களா? எம் பையன் அதுல நல்லாத் தூங்குறான்."

எதிர்வீட்டு அம்மா பக்கத்தில்தான் இருந்தார். நான் ஹால் வாசலில் நின்றிருந்தேன். ரங்கநாயகியின் முகத்தில் ஒன்றுமே அசையவில்லை.

"எந்த டாக்டர்? நீங்க வேற யாரையோ நெனச்சுண்டு பேசறேள்."

பெரியசாமி அவரைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார். நிலம் பார்த்துப் பழகிய மனிதர், எல்லாம் புரிந்துவிட்டது. "ஆமாங்க" என்றார். "ஆள் மாறிப்போச்சு. தப்பா நெனச்சுக்காதீங்க." கடலைப் பையை என் கையில் கொடுத்துவிட்டு, மகனைக் கூப்பிட்டுக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. கிளினிக்குக்கும் வரவில்லை. அவர் ஊருக்கு ஒரு தடவை போனேன். மகனை ஈரோட்டுப் பக்கம் வேலைக்கு அனுப்பிவிட்டதாகச் சொல்லி மோர் கொடுத்து அனுப்பினார். ரங்கநாயகியைப் பற்றி, "அந்தம்மாவுக்கு என்னால எதும் சங்கடம் வந்துச்சுங்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன்.

வந்திருந்தது. எதிர்வீட்டு அம்மா ரங்கநாயகியின் மறுப்பை நம்பினாரோ இல்லையோ, தெருவில் சொல்லாமல் இருக்கவில்லை. கோதையின் அக்காவுக்குக் கும்பகோணத்தில் பேசிக்கொண்டிருந்த இடம் கைவிட்டுப் போயிற்று. இதனால்தானா என்று யாருக்கும் தெரியாது. அந்த வீட்டில் இதனால்தான் என்று முடிவாயிற்று. கோதைக்கு வகுப்பு நின்றது, மாத்திரை நின்றது. நான் போனபோது ரங்கநாயகி வாசல் கதவைப் பாதி திறந்து, "இனிமே இங்க வராதேங்கோ டீச்சர். உங்களை வையலை. அவர் பார்த்தா என்னைத்தான் கேப்பார்" என்றார். உள்ளே கோதை யாரிடமோ நிற்காமல் பேசிக்கொண்டிருப்பது கேட்டது. அடுத்த வருஷம் புதிய ஆசிரியை, பின் பெஞ்சு, பழைய புகார்கள். டி.சி. வாங்கிவிட்டார்கள் என்று ஆரோக்கியமேரி எங்கேயோ கேட்டு வந்து சொன்னார். திருவானைக்காவல் மாடியில் ஆரோக்கியமேரியும் நானும் மட்டும் மிஞ்சினோம், ஊர்ப் பிள்ளைகளின் அழகான கையெழுத்துகளுக்கு நடுவில். முதலாளி வேறோர் ஆளை வைத்து அதைத் தொடர்ந்து நடத்தினார். நன்றாக நடந்தது என்று கேள்வி.

எண்பதுகளின் முடிவில் ஒருநாள், முன்வாசல் வழியாக ஓர் இளம்பெண் தனியாக வந்தாள். மடிசார் இல்லை, சாதாரணப் புடவை, கொசுவம் ஒரு பக்கம் அவிழ்ந்திருந்தது. "டீச்சர், என்னைத் தெரியறதா?" என்றாள். குரலின் வேகத்தில் தெரிந்துகொண்டேன், கோதை.

கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. பால் பொங்கி வழிகிறதாம். கதவைப் பூட்டாமல் போய்விடுகிறாளாம். பெரியவர்கள் பேசி முடிப்பதற்குள் குறுக்கே விழுந்துவிடுகிறாளாம். மாமியார் திமிர் என்கிறார், கணவர் வேண்டுமென்றே செய்கிறாள் என்கிறார். பிறந்தகத்துக்கு என்று சொல்லிவிட்டு இங்கே வந்திருந்தாள். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் அவர் பென்சிலை எடுப்பதற்குள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"சின்ன வயசுல எனக்கு ஏதோ இருக்குன்னுதானே அம்மா இங்க கூட்டிண்டு வந்தா? அதுக்கு ஒரு பேர் இருக்கோல்லியோ? அந்தப் பேரை ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்கோ டாக்டர். நான் வேணும்னு பண்ணலைன்னு அவர்கிட்ட காட்டணும்."

டாக்டர் எழுந்து அந்தத் தலையணைப் புத்தகத்தை எடுத்தார். அதன் புதிய பதிப்புகூட எங்களிடம் இல்லை. கடைசிப் பத்தியை அவர் படிப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மனப்பாடமாக அவருக்குத் தெரியும். இருந்தும் படித்தார்.

"அது சின்னப் புள்ளைங்களுக்கு இருக்கறதும்மா. ஒன் வயசுல இருக்காதுன்னு போட்டிருக்கு."

"அப்போ இது என் குணம்தானா?"

டாக்டர் தனக்கு நிச்சயமில்லாத எதையும் எழுதாதவர். அந்த ஒழுங்குக்காகத்தான் ஊரே அவரை நம்பியது. அன்றும் அவர் எழுதவில்லை. மறுவாரம் வா என்றார், கணவரைக் கூட்டிவா என்றார். பின்வாசலைக் காட்டினேன். அவள் வந்த வழியே, முன்வாசல் பெஞ்சில் இருந்தவர்களைத் தாண்டிப் போனாள். பிறகு டாக்டர் என்னிடம், "ஒண்ணு புஸ்தகம் தப்பு, இல்லேன்னா அந்தப் பொண்ணு தப்பு. அந்தப் பொண்ணைப் பாத்தா தப்பாத் தெரியலைம்மா" என்றார். மறுவாரம் அவள் வரவில்லை. புகுந்த வீட்டார் அவளைப் பிறந்தகத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள், அதன்பின் அழைக்கவே இல்லை என்று தெரிந்து ஸ்ரீரங்கம் போனேன். வீடு பூட்டியிருந்தது. வடக்கே மூத்த மகனிடம் எல்லோரும் போய்விட்டதாக எதிர்வீட்டு அம்மாதான் சொன்னார். பாவம் என்றும் சொன்னார்.

புத்தகம்தான் தப்பு. பலருக்கு அது வயது வந்தும் போவதில்லை என்று எழுதியிருந்த ஒரு கட்டுரை சில வருஷங்களுக்குப் பிறகு எங்கள் கிளினிக்குக்கு வந்து சேர்ந்தது. உறையைப் பிரித்தவள் நான். டாக்டர் அப்போது உயிரோடு இல்லை. அதைக் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கும் விலாசம் இல்லை. அதன்பின் எத்தனையோ பெண்களுக்கு அந்தப் பெயரை எழுதிக் கொடுக்க வைத்திருக்கிறேன்.

போன மாதம் வந்த அந்த இளம் உளவியலாளர், ஸ்ரீரங்கத்தில் பெரியவர்களுக்கென்று, முக்கியமாகப் பெண்களுக்கென்று, இதற்கு ஒரு கூட்டம் தொடங்கப் போகிறாள். என்ன கூட்டம் என்பதை உள்ளபடியே சொல்லித்தான் அழைப்பதாக இருக்கிறாள். யாராவது வருவார்களா என்று அவளுக்குப் பயம். எனக்கும்தான். கோதை அம்மாவோடு திரும்பி வந்துவிட்டதாக, சித்திரை வீதிப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருப்பதாக விசாரித்ததில் தெரிந்தது. இருவரும் மட்டும்தான் இருக்கிறார்களாம். அவளுக்கு இப்போது ஐம்பதுக்கு மேல் இருக்கும்.

வருகிற வாரம் போகப் போகிறேன். அது உன் குணம் இல்லை, அதற்குப் பெயர் உண்டு, அன்று எங்களுக்குத் தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அவள் கேட்கலாம். கேட்கட்டும். ரங்கநாயகி கதவைப் பாதிதான் திறப்பார் என்றாலும் வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவது என்று இருக்கிறேன். முழுக்கத் திறந்தால், முதல் கூட்டத்தை உங்கள் வீட்டுக் கூடத்திலேயே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்க்கப் போகிறேன்.